முள் இறங்க வேண்டும்

வெள்ளிமலை
12.1.2025

அன்புத் தங்கை அப்சானாவுக்கு அண்ணன் சர்புதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், உன் அண்ணி தாஹிரா, பிள்ளை ஜன்னத் மூன்று பேரும் அல்லாஹ் கிருபையால் சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் காலேஜ் பிள்ளைகள் இன்னும் லேபில் மீட்டரைப் பொசுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்களா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று முறைக்காதே. கள்ளக்குறிச்சியில் நம் அம்மா ஸ்பீக்கரில் போடாமல் பேசமாட்டார். பேசி முடிப்பதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். இங்கே டவர் கிடைப்பது உரமும் பல்பும் விற்கும் நம் கடை வாசற்படியில் மட்டும்தான், அங்கே நின்று பேசினால் மலையே கேட்கும். அதனால்தான் காலை பஸ் கண்டக்டர் கண்ணாயிரத்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவிடம் படித்துக் காட்டிவிடாதே.

விஷயம் ஜன்னத்தைப் பற்றி. பிறந்து ஆறு மாதம் ஆகிறது. முகத்தைப் பார்த்தால் சிரிக்கிறாள், பல்பைப் போட்டால் கை கால் உதைக்கிறாள். போன வாரம் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் தட்டு கைதவறி விழுந்தது. எதிர்க்கடைக்காரர் ஓடி வந்துவிட்டார். இவள் திரும்பவில்லை. பிறகு வேண்டுமென்றே போட்டும் பார்த்தேன். ஒருவேளை பயமறியாத பிள்ளையோ என்னவோ.

நீ முன்பு ஒருமுறை சொன்னாய் அல்லவா, இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கும் சின்ன சிக்னலைப் பொறுக்கி எடுக்கும் கருவி என்று? அதை வைத்து, சத்தம் அவள் தலைக்குள் போய்ச் சேருகிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? சால்டரிங் வேலையை நான் பார்த்துக்கொள்வேன். மிக்சி, டிவி என்று எத்தனை பார்த்திருக்கிறேன். எப்படிக் கட்டுவது என்று மட்டும் நீ சொல்.

அம்மாவுக்கு என் சலாம்.
அண்ணன் சர்புதீன்


கள்ளக்குறிச்சி
16.1.2025

அண்ணே, வஅலைக்கும் சலாம். நானும் அம்மாவும் நலம். முழங்காலுக்கு எண்ணெய் மாற்றியிருக்கிறோம், புலம்பல் மட்டும் மாறவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனாயா, இல்லையா? அதை முதலில் சொல். குழந்தைகளுக்குக் காது பார்க்கவென்றே ஆட்கள் இருக்கிறார்கள், தூங்கும்போதே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். நீ மலைமேல் உட்கார்ந்துகொண்டு மெஷின் கட்டப் போகிறேன் என்கிறாய். உனக்கு வேறு வேலையே இல்லையா?

இருந்தாலும் கேட்டுவிட்டாய். சத்தம் கேட்டால் மூளை ஒரு சின்ன மின்துடிப்பால் பதில் சொல்லும். நெற்றி, காதின் பின்புறம், பிடரி, இந்த மூன்று இடத்திலும் ஈசிஜி ஸ்டிக்கர் ஒட்டினால் அதைப் பிடிக்கலாம். ஆனால் ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகக் கூறு போட்டு, அதில் ஒன்றையும் பல கூறாக்கினால் எவ்வளவோ அவ்வளவுதான் அது. தசை, இதயம், சுவரில் ஓடும் கரண்ட் எல்லாம் அதைவிடப் பெரிதாகக் கத்தும். வெறுமனே பெரிதாக்கினால் கத்தலும் சேர்ந்து பெரிதாகும்.

அதற்குத்தான் லாக்-இன் ஆம்ப்ளிஃபயர். காதுக்குள் நாமே ஒரு தாளத்தில் தட்டுகிறோம். விநாடிக்கு எண்பத்தேழு தட்டு என்று வைத்துக்கொள். வீட்டுக் கரண்ட் விநாடிக்கு ஐம்பதும் நூறுமாகத் துடிக்கும், அதன் பக்கத்தில் வராத எண். அதே தாளத்தைத் தனிக் கம்பியில் மெஷினுக்கும் சொல்லிவிடுகிறோம். உள்ளே வருகிற கூச்சலில் அந்தத் தாளத்தோடு ஒத்துப்போவதை மட்டும் அது சேர்த்துக்கொண்டே போகும். மற்றதெல்லாம் கூட்டலும் கழித்தலுமாக ஒன்றுமில்லாமல் போய்விடும். அத்தா கடை ஷட்டரைத் தட்டும் விதம் உனக்கு ஞாபகம் இருக்கும். மார்க்கெட் தெரு எவ்வளவு இரைந்தாலும் நமக்கு மட்டும் அது கேட்டது, அந்தத் தட்டு எப்படி வரும் என்று முன்பே தெரியும் என்பதால்தான்.

கட்டலாம். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் பதிலாக இல்லை. அங்கே போவதாக இருந்தால்தான் பார்ட்ஸ் அனுப்புவேன்.

அண்ணிக்கு சலாம். ஜன்னத்துக்கு முத்தம்.
அப்சானா


வெள்ளிமலை
2.2.2025

அன்புத் தங்கைக்கு, சலாம். எல்லோரும் சுகம். பனி ஜாஸ்தி. பிள்ளைக்கு மூக்கடைப்பு வந்து போய்விட்டது.

போன கடிதத்தோடு நீ வரைந்து அனுப்பிய சர்க்யூட்டைக் கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்து, ஆள் இல்லாத நேரமெல்லாம் எடுத்துப் பார்க்கிறேன். முதல் கட்டம் புரிந்தது, சின்னதைப் பெரிதாக்குவது. இரண்டாவது கட்டமும் புரிந்தது, தாளத்துக்குத் தகுந்தபடி சிக்னலை நேராகவும் தலைகீழாகவும் மாற்றி மாற்றி விடும் ஸ்விட்ச் ஐசி. கடைசியில் பெரிய கெப்பாசிடர் போட்டு நிதானமாகச் சராசரி எடுப்பது. டிஸ்ப்ளேக்குப் பதிலாகப் பழைய மல்டிமீட்டர் ஒன்றின் முள்ளைக் கழற்றி இதில் பொருத்திவிட்டேன். முள் இருந்தால்தான் எனக்கு நம்பிக்கை.

ஆஸ்பத்திரி பற்றிக் கேட்டிருந்தாய். மலைப்பாதை வளைவில் அவளுக்கு வாந்தி வருகிறது. வெயில் வரட்டும் என்று பார்க்கிறேன். கடையையும் பூட்டிப் போட முடியாது, இது உரம் வாங்க ஆள் வரும் சீசன். போவோம், போகாமல் எங்கே போகப்போகிறோம்.

அந்த முதல் கட்ட ஐசி இரண்டும், ஸ்டிக்கர் ஒரு பாக்கெட்டும் அனுப்பு. கண்ணாயிரம் கேட்கிறார்: "இன்னா பாய், வாரா வாரம் உங்க வூட்டுக் காயிதத்தையே தூக்கிகினு வரேன், இதுக்கு ஒரு சீட்டுப் போட்டுடவா?" போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

உன் அண்ணி நலம். கொஞ்சம் பேச்சு கம்மியாகியிருக்கிறாள். தூக்கம் போதவில்லை, வேறொன்றும் இல்லை.
சர்புதீன்


கள்ளக்குறிச்சி
9.2.2025

அண்ணே, சலாம். நாங்கள் நலம்.

உரம் வாங்க ஆள் வரும் சீசனாம். பிள்ளையின் காதுக்கும் உரத்துக்கும் என்ன சம்பந்தம்? நீ எதையாவது மறைத்தால் உன் எழுத்து வளவளவென்று நீளும். பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்த வருடமும் அத்தாவுக்கு இப்படித்தான் மழை பற்றி ஒரு பக்கம் எழுதினாய். இருந்தாலும் பார்ட்ஸ் அனுப்புகிறேன். நான் அனுப்பாவிட்டால் நீ வேறு எதையாவது வைத்துக் கட்டி, குழந்தைமேல் ஒட்டிவிடுவாய் என்ற பயம்தான் காரணம்.

நன்றாகக் கேட்டுக்கொள். முழுக்க முழுக்க பேட்டரிதான். சுவர் பிளக்கோடு இதில் எந்தக் கம்பிக்கும் தொடர்பு இருக்கக் கூடாது, போன் சார்ஜர்கூடப் பக்கத்தில் வேண்டாம். சத்தம் மெதுவாகத்தான் இருக்க வேண்டும், நீ உன் காதில் வைத்துப் பார்த்து உறுத்தாத அளவு. கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கியிருக்கட்டும். விரித்துப் போட்டால் ஏரியல் மாதிரி ஊர் இரைச்சலை எல்லாம் வாங்கும்.

முதலில் உன்மேல் ஒட்டிப் பார். பல்லைக் கடிக்காதே, கழுத்தை இறுக்காதே, சும்மா சாய்ந்து கிட. முள் உடனே ஏறாது. மெதுவாகத்தான் ஏறும், நீ பொறுமையில்லாதவன் என்பதால் சொல்கிறேன்.

மறுபடியும் கேட்கிறேன். எப்போது ஆஸ்பத்திரி?
அப்சானா


வெள்ளிமலை
9.3.2025

என் கண்ணான தங்கைக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்! நோன்பு எப்படிப் போகிறது? இங்கே எல்லோரும் சுகம், சுகம், சுகம்.

கேட்கிறது அப்சா! ஜன்னத்துக்குக் காது கேட்கிறது!

வரிசையாகச் சொல்கிறேன். போன மாதக் கடைசியில் எனக்கு ஒட்டிப் பார்த்தேன். நீ சொன்னபடி முதலில் முள் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததைத் தாஹிராதான் சொன்னாள். தளர்ந்து படுத்ததும் ஆட்டம் நின்று, மெள்ள மெள்ள இரண்டு கோடு ஏறியது. இயர்போனை ஆஃப் செய்தால் வந்த வழியே இறங்கியது. என் மூளை கோட்டுக் கணக்கில் எழுந்து நிற்பதைப் பார்க்க எனக்கே மரியாதை வந்துவிட்டது.

அதன்பிறகு ஜன்னத். அவளுக்குக் கையில் அகப்பட்டதை இழுக்கும் பழக்கம். அதனால் ஸ்டிக்கர் கம்பி, இயர்போன் கம்பி எல்லாவற்றையும் தாஹிரா சேர்த்துச் சடை பின்னுகிற மாதிரி பின்னிக் கொடுத்துவிட்டாள். நீயும் முறுக்கச் சொல்லியிருந்தாய். பிள்ளை மதியம் தூங்கியதும் ஒட்டினேன். பொத்தானை அமுக்கியதும் முள் விர்ரென்று ஏறி நின்றது பார், ஆறு கோடு! என் மூன்று மடங்கு! அப்பனைவிடப் பிள்ளைக்குத் தெளிவான காது.

நான் கடையைத் திறந்து, வந்தவர்களுக்கெல்லாம் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் கொடுத்தேன். இனி யாராவது என் பிள்ளை காதில் மிஷின் மாட்டச் சொல்லட்டும், பார்ப்போம். தாஹிரா மட்டும் ஒன்றும் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைக்கிறேன். அம்மாவுக்குப் போன் போட்டு நானே சொல்லிவிட்டேன்.

நீ நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும்.
உன் அண்ணன்


கள்ளக்குறிச்சி
13.3.2025

அண்ணே, சலாம். நோன்பு நன்றாகப் போகிறது. நீ போன் செய்த அன்று அம்மா அடுத்த வீட்டுக்கெல்லாம் பாயசம் கொடுத்தார், கொடுத்துவிட்டு அழுதார். கேட்கிறது என்று நீ சொன்ன பிறகுதான், கேட்காமல் இருந்திருக்கலாம் என்பதே அவருக்குத் தெரிந்தது. "இத்தினி நாளா எங்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

நானும் சந்தோஷப்பட்டேன் அண்ணே. உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் எழுந்து நின்றுவிட்டேன். மறுநாள் மறுபடி படித்தபோது இரண்டு இடத்தில் உறுத்தியது.

ஒன்று, யார் உன்னிடம் மிஷின் மாட்டச் சொன்னார்கள்? நான் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியாது. அப்படியானால் யார்?

இன்னொன்று, முள். உனக்கு மெதுவாக இரண்டு கோடு, தூங்கும் பச்சைக் குழந்தைக்கு விர்ரென்று ஆறு. மூளையின் பதில் அப்படி வராது. தூங்கும் பிள்ளையின் பதில் உன்னுடையதைவிடச் சின்னதாகத்தான் இருக்கும். இந்த மெஷின் நம் தாளம் எங்கிருந்து வந்தாலும் சேர்த்துக்கொள்ளும். தலைக்குள்ளிருந்து வந்ததா, கம்பியிலிருந்து கம்பிக்குத் தாவி வந்ததா என்று அதற்குத் தெரியாது. எண்பத்தேழு தட்டு என்றால் சரி என்று கையெழுத்துப் போட்டுவிடும்.

அதனால் இந்தப் பார்சலில் குளுக்கோஸ் ஏற்றும் ட்யூப் ஒன்று அனுப்பியிருக்கிறேன். ஒரு முனையில் இயர்போனை ஒட்டிவிட்டேன், மறுமுனையில் குழந்தை காதுக்கு ஏற்ற ரப்பர். சத்தம் இனி ட்யூப் வழியாகப் போகட்டும். முள் ஏறி நிற்கும்போது ட்யூபை நடுவில் மடித்து விரலால் இறுக்கிப் பிடி. சத்தம் போகாது, கரண்ட் மட்டும் போய்க்கொண்டிருக்கும். முள் இறங்கினால் அது ஜன்னத்தின் பதில். இறங்காவிட்டால் அது நம் மெஷின் தனக்குத் தானே பேசிக்கொள்வது.

உடனே செய்து, உடனே எழுது. என்மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை.
அப்சானா


கள்ளக்குறிச்சி
3.4.2025

அண்ணே, சலாம். பெருநாள் வாழ்த்து, தாமதமாக.

பெருநாளுக்கு நீ வருவாய் என்று அம்மா உனக்குச் சட்டை எடுத்து வைத்திருந்தார். கடையில் ஆள் இல்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். என் போனை எடுப்பதே இல்லை. பார்சலை உன் கையிலேயே கொடுத்ததாகக் கண்ணாயிரம் அடித்துச் சொல்கிறார். "கைல குட்தேம்மா, பிரிச்சுப் பட்ச்சாரு, உள்ள பூட்டாரு" என்றார்.

ட்யூபை மடித்தாயா? ஒரு வரி போதும்.
அப்சானா


வெள்ளிமலை
25.4.2025

அன்புள்ள அப்சானாவுக்குத் தாஹிரா எழுதுவது. சலாம். மாமியின் முழங்கால் குணமாக துஆ செய்கிறேன். நானும் பிள்ளையும் சுகம், உன் அண்ணனும் சுகம்தான். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், அவர் சொல்லவே இல்லை. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம், நவம்பரிலேயே. சேலத்தில் பார்த்தோம். இரண்டு முறை சோதித்தார்கள். இரண்டு காதிலும் கேட்கும் சக்தி ரொம்பவும் கம்மி, காதுக்கு மிஷின் இப்போதே மாட்டிப் பழக்க வேண்டும், ஒரு வயது முடிந்ததும் ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு கருவி வைக்கலாம், அரசுக் காப்பீட்டில் நடக்கும், நாளைக் கடத்தினால் பேச்சு வருவது கஷ்டமாகிவிடும் என்றார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்: "அவங்க மிஷின் தப்பு." அன்றிலிருந்து இதுவரை போகவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். இப்போது அதை மீறுகிறேன், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

நீ அனுப்பிய ட்யூபைப் பல்பு அட்டைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். தொடவே இல்லை. தினமும் மதியம் பழைய இயர்போனையே மாட்டி, முள் ஏறுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து "ஜன்னத்து, அத்தா பேசறது கேக்குதா, கேக்குதுல்ல" என்று பேசிக்கொண்டே இருக்கிறார். அவள் அவர் வாயைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

இன்று அவர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். பிள்ளை தூங்கினாள். பழைய இயர்போனைக் கழற்றி, பின்னிய அதே கம்பியின் நுனியில் நீ எழுதியிருந்த மாதிரியே ட்யூபை மாட்டினேன். முள் ஏறியது. மடித்தேன். இறங்கவில்லை. ரப்பரைக் காதிலிருந்தே எடுத்துத் தலையணைமேல் வைத்தேன். இறங்கவில்லை. அப்புறம் எனக்கு என்ன தோன்றியதோ, பிள்ளைமேல் இருந்த ஸ்டிக்கரைக் கழற்றிவிட்டு, சமையலுக்கு வாங்கி வைத்திருந்த பூசணிக்காயில் புது ஸ்டிக்கர் மூன்று ஒட்டினேன். அதே ஆறு கோடு.

பூசணிக்காய்க்கும் காது கேட்கிறது அப்சானா.

கம்பியைப் பின்னியது நான்தான். அதனால்தானா இது? இதை அவரிடம் எப்படிச் சொல்வது? எனக்குத் தைரியம் இல்லை. பிள்ளைக்கு ஒன்பது மாதம் முடிகிறது.
தாஹிரா


கள்ளக்குறிச்சி
28.4.2025

அண்ணே, சலாம். இந்தக் கடிதத்தில் குசலம் விசாரிக்கப் போவதில்லை.

அண்ணி எல்லாவற்றையும் எழுதிவிட்டார். அவர்மேல் ஒரு வார்த்தை கோபப்பட்டாய் என்று தெரிந்தால் நான் மலை ஏறி வந்துவிடுவேன். நவம்பரில் தெரிந்த விஷயத்தை ஏப்ரல் வரைக்கும் மூடி வைத்தாயே, அது என்ன மளிகைச் சாமானா?

முதலில் மெஷின். தப்பு என்னுடையது. கம்பிகளை முறுக்கு என்று எழுதினேன், ஸ்டிக்கர் கம்பிகளை மட்டும் என்று எழுதவில்லை. இயர்போன் கம்பியில் போவதுதான் நம் தாளம். அதையும் சேர்த்துப் பின்னினால் அந்தத் தாளம் அப்படியே ஸ்டிக்கர் கம்பிக்குத் தாவும். உன்மேல் ஒட்டியபோது இயர்போன் கம்பி பின்னாமல் தனியாகக் கிடந்தது, அதனால் அந்த இரண்டு கோடு உண்மை. குழந்தைக்கு வந்த ஆறு கோடு பொய். அண்ணி அக்கறையாகப் பின்னினார், நான் அவசரமாக எழுதினேன். அவ்வளவுதான்.

ஆனால் ட்யூபைப் பல்புக்குப் பின்னால் ஒளித்து வைத்தது கம்பி இல்லை அண்ணே. அது நீ. மடித்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் மடிக்கவில்லை.

நீ கெட்டவன் என்று சொல்லவில்லை. எனக்கும் அந்த ஆறு கோடு வேண்டியிருந்தது. பாயசம் சாப்பிட்டேனே. ஆனால் நாள் போய்க்கொண்டிருக்கிறது. உன்னைவிட அவளுக்குத்தான் அவசரம்.

பூசணிக்காயில் நீயே ஒருமுறை ஒட்டிப் பார். பார்த்துவிட்டு இயர்போன் கம்பியைப் பிரித்து, அறையின் அந்தப் பக்கமாகக் கொண்டுபோ. இதோடு ஒரு தகர டப்பாவும் அனுப்புகிறேன், இயர்போனை அதற்குள் வைத்து மூடி, டப்பாவை நம் சர்க்யூட்டின் கிரவுண்ட் கம்பியோடு சேர், சுவர் எர்த்தோடு இல்லை. ட்யூப் மட்டும் வெளியே வரட்டும்.

அதன்பிறகு சேலம் போ. மெஷின் என்ன சொன்னாலும் போ.
உன்மேல் உயிராக இருக்கும்
அப்சானா


வெள்ளிமலை
10.6.2025

தங்கை அப்சானாவுக்கு, சலாம். பக்ரீத் நல்லபடியாக முடிந்ததா? இங்கே சுகம். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் கடையைச் சாக்குச் சொல்லப் போவதில்லை.

உன் கடிதம் வந்த அன்று ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து பூசணிக்காயில் ஒட்டினேன். ஆறு கோடு. மடித்தேன், ஆறு கோடு. வெளியே யாரோ "பாய், கட இருக்கா, இல்லியா?" என்று தட்டினார்கள். அந்தக் காயைப் பார்த்து ஒருதரம் சிரித்தேன், பிறகு அழுதேன். வெகுநேரம் அழுதேன் அப்சா.

தாஹிரா உள்ளே வந்து காயை எடுத்துக்கொண்டு போய் நறுக்கிவிட்டாள். "பசிக்குது, வாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நீ சொன்னபடி கம்பியைப் பிரித்தேன், டப்பா வைத்தேன். எனக்கு ஒட்டினேன். இரண்டு கோடு வந்தது, தாஹிரா மடித்ததும் இறங்கியது, விட்டதும் ஏறியது. மெஷின் இப்போது உண்மை பேசுகிறது என்று தெரிந்தது. மறுநாள் ஜன்னத்துக்கு ஒட்டினேன். முள் அசையவே இல்லை. அவள் தூங்கி எழும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாளும் பார்த்தேன். அதற்கடுத்த நாள் மூன்று பேரும் சேலம் பஸ் ஏறினோம். வளைவில் பிள்ளைக்கு வாந்தி வரவில்லை, எனக்குத்தான் வந்தது.

காது பார்க்கும் இசைவாணி மேடம் எங்களை மறக்கவில்லை. "ஆறு மாசமா எங்க சார் போயிருந்தீங்க?" என்று கேட்டார். மெஷின் கட்டினேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, இப்ப வந்துட்டீங்கல்ல" என்றார். காது மிஷின் இரண்டு மாட்டிவிட்டார்கள். ஆபரேஷன் செப்டம்பர் பதினெட்டாம் தேதி.

அம்மாவிடம் நானே போனில் சொன்னேன். ஸ்பீக்கரில்தான் இருந்தது என்று தெரியும். இருக்கட்டும்.

நீ திட்டியதற்கு நான் கோபப்படவில்லை.
அண்ணன்


கள்ளக்குறிச்சி
15.6.2025

அண்ணே, சலாம். நாங்கள் நலம்.

தெருவுக்கே தெரிந்துவிட்டது. மூன்றாவது வீட்டுப் பெண்மணி வந்து தன் அக்கா பேரனுக்கும் இதே ஆபரேஷன் நடந்து, இப்போது ஓயாமல் பேசித் தலைவலி கொடுக்கிறான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்றிலிருந்து தெம்பாக இருக்கிறார். செப்டம்பரில் நாங்கள் இரண்டு பேரும் சேலம் வருகிறோம், தடுக்காதே.

மிஷினை இழுத்து எறியாமல் இருக்க அண்ணியிடம் துணிக் குல்லாய் தைக்கச் சொல். இந்தத் தடவை அவர் எதைப் பின்னினாலும் எனக்குச் சம்மதம்.

நம் லாக்-இன்னை உடைத்துவிடாதே. கெட்டிக்காரத்தனமாகக் கட்டியிருக்கிறாய். பரிசோதனையை ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளட்டும். நீ மறுபடி ஒட்டிப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும், ஒட்டினால் இசைவாணி மேடம் சொல்லும் சத்தத்துக்கு மேல் போகாதே.
அப்சானா


வெள்ளிமலை
17.8.2025

அன்புத் தங்கைக்கு, சலாம். எல்லோரும் சுகம். ஜன்னத்துக்கு ஒரு வயது முடிந்து, பிடித்துக்கொண்டு நிற்கிறாள். குல்லாயைக் கழற்றி எறியும் வித்தையை இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள். அம்மாவின் முழங்காலுக்கு இங்கிருந்து மலைத்தேன் அனுப்புகிறேன். காலில் தடவ இல்லை, சாப்பிட.

நீ சொன்ன மாதிரியே மறுபடி ஒட்டிவிட்டேன். போன முறை சேலம் போனபோது மேடத்திடம் கேட்டேன். எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்று சொல்லி, ட்யூப் வழியாக வரும் சத்தத்தை அவர்கள் கருவியிலேயே அளந்து, என் குமிழில் மையால் ஒரு கோடும் போட்டுக் கொடுத்தார். நான் முன்பு வைத்ததைவிட ரொம்பப் பெரிய சத்தம் அது. "இதத் தாண்டக் கூடாது சார்" என்றார். தாண்டவில்லை.

நேற்று மதியம் சோறு ஊட்டித் தூங்க வைத்தோம். காது மிஷினைக் கழற்றிவிட்டு ரப்பரை வைத்தாள் தாஹிரா. நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. போதும் என்று அணைக்கப் போனேன். தாஹிரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருங்க, மெதுவாத்தான் ஏறும்னு உங்க தங்கச்சி எழுதிகிதே" என்றாள்.

ஏறியது அப்சா. அரைக் கோடு. ஆறு கோட்டுக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த எனக்கு இந்த அரைக் கோட்டைப் பார்த்ததும் பயம்தான் வந்தது. சந்தோஷப்படத் துணியவில்லை. தாஹிரா ட்யூபின் நடுப்பகுதியை எடுத்து என் கையில் கொடுத்தாள். இந்த முறை நீங்கள்தான் செய்ய வேண்டும் என்ற மாதிரி பார்த்தாள்.

மடித்தேன்.

வாழ்நாளில் நான் எதற்கும் இப்படி துஆ கேட்டதில்லை. இறங்கு, இறங்கு, இறங்கிவிடு என்று கேட்டேன். முள் அங்கேயே நின்றது. பிறகு இறங்க ஆரம்பித்தது. முழுக்க இறங்கி அடியில் போய் உட்கார்ந்தது. விரலை எடுத்தேன். மறுபடியும் மெள்ள அரைக் கோடு. மடித்தேன், இறங்கியது. எத்தனை தடவை செய்தேன் என்று தெரியாது, பிள்ளை விழித்துக்கொள்ளும் வரை செய்தேன்.

இது பேச்சைக் கேட்கப் போதாது என்று எனக்குத் தெரியும். மேடம் முன்பே சொல்லியிருக்கிறார், கொஞ்சநஞ்சம் மிச்சம் இருக்கலாம், ஆபரேஷன் அவசியம்தான் என்று. இந்த அரைக் கோட்டைக் காட்டித் தேதியை மாற்றச் சொல்ல மாட்டேன். செப்டம்பர் பதினேழாம் தேதி காலை முதல் பஸ், மறுநாள் ஆபரேஷன். கண்ணாயிரம் எங்களுக்கு முன்வரிசையில் இடம் பிடித்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அம்மாவை ஜன்னலோரம் உட்கார வை.

ஆனால் ஒன்று உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. மதியம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் கத்திக் கத்திப் பேசியதில் ஏதோ ஒரு துளி உள்ளே போயிருக்கிறது. எந்த வார்த்தை என்று தெரியவில்லை. அவளுக்குப் பேச்சு வரட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

சேலத்தில் பார்ப்போம்.
உன் அண்ணன் சர்புதீன்